பொது வைஃபை: இணைவதற்கு முன் செய்ய வேண்டியவை, பணம் போனால் செய்ய வேண்டியவை

சென்ற ஆண்டு அப்பாவின் அறுவை சிகிச்சைக்காகப் பதினோரு நாள் ஒரு மருத்துவமனை வராந்தாவில் இருந்தேன். அங்கே செல்போன் டவர் சரியாக எடுக்காது. நான்காம் நாள் வைஃபை பட்டியலைத் திறந்தபோது மருத்துவமனையின் பெயரிலேயே இரண்டு இணைப்புகள் தெரிந்தன. ஒன்றின் பெயரோடு 'ஃப்ரீ' என்று சேர்ந்திருந்தது. அதைத் தொட்டேன். ஒரு பக்கம் திறந்து, ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கேட்டது. கொடுத்தேன். 'இணைப்பு கிடைக்கவில்லை, பிறகு முயலவும்' என்று வந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிகாலையில் வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள். டெபிட் கார்டில் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ரூ.23,460 போயிருந்தது. மருத்துவமனை ஊழியர்களிடம் விசாரித்தால், அவர்களுடைய வைஃபை ஒன்றே ஒன்றுதானாம். நான் தொட்டது யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வைத்திருந்த போலி.

பணம் திரும்பக் கிடைக்க 74 நாள் ஆனது. அதில் பாதி நாள், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் நான் வீணாக்கியது. உங்களுக்கு அது நேரக் கூடாது என்பதற்காகத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

1. ஆபத்து எங்கே இருக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

பொது வைஃபை என்றதும், காற்றில் போகும் பாஸ்வேர்டை யாரோ உருவிவிடுவார்கள் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அது மிகப் பெரிய ஆபத்து. இன்று வங்கிகள், மின்னஞ்சல், பெரிய கடைகள் எல்லாமே முகவரிக்கு முன்னால் 'எச்டிடிபிஎஸ்' உள்ள தளங்கள். அந்த 'எஸ்' இருந்தால் இடையில் இருப்பவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பெரும்பாலும் தெரியும்; அங்கே என்ன தட்டச்சு செய்கிறீர்கள் என்று தெரியாது.

அதனால் இப்போது திருடுகிறவர்கள் உங்களையே கொடுக்க வைக்கிறார்கள். அசல் இணைப்பின் பெயரிலேயே, அல்லது ஓர் எழுத்து மாற்றி, போலி இணைப்பு ஒன்றை உருவாக்குகிறார்கள். நீங்கள் சேர்ந்ததும் அவர்களே தயாரித்த நுழைவுப் பக்கம் திறக்கிறது. 2024-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் பெர்த், மெல்போர்ன், அடிலெய்ட் விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களுக்குள்ளும் இதைத்தான் செய்தார் என்று அந்நாட்டுக் கூட்டாட்சிக் காவல்துறை வழக்குப் போட்டது. பறக்கும் விமானத்தில் சந்தேகமான வைஃபை பெயர் ஒன்று தெரிவதைக் கவனித்துப் புகார் சொன்னவர்கள் விமான ஊழியர்கள். பயணிகளிடம் அந்தப் பக்கம் கேட்டது மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கணக்குகளின் விவரம். என்னிடம் கேட்டதும் அதே.

'சுவரில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கிறார்களே, அப்படியானால் பாதுகாப்புதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அந்தச் சுவரை எல்லோரும்தான் படிக்கிறார்கள். அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் வைத்துப் போலி அமைத்தால் உங்கள் போன் தானாகவே அதில் சேர்ந்துகொள்ளும்.

2. வீட்டிலிருந்து கிளம்பும் முன் (ஒரு மணி நேரம், செலவு இல்லை)

இந்தப் பகுதிதான் எல்லாவற்றையும் விட முக்கியம். இதைச் செய்திருந்தால் நான் பாஸ்வேர்டைக் கொடுத்த பிறகும் பணம் போயிருக்காது.

மின்னஞ்சலுக்கு இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள். பாஸ்வேர்டு திருடு போனாலும் உங்கள் போன் இல்லாமல் உள்ளே நுழைவது கடினமாகிவிடும். குறுஞ்செய்தியில் குறியீடு வருவதை விட, போனிலேயே குறியீட்டை உருவாக்கிக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி மேல். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் கைரேகை, முகம் அல்லது பூட்டு எண்ணால் நுழைவது) வசதி இருந்தால் அது இன்னும் மேல், ஏனென்றால் போலித் தளத்தில் பாஸ்கீ வேலை செய்யாது. வங்கி, கடை, பயணச் சீட்டு எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்ற மின்னஞ்சல் ஒன்று போதும். அதனால் முதல் பூட்டு அங்கேதான்.

அடுத்து, உங்கள் மின்னஞ்சலிலும் போட்டோ தொகுப்பிலும் தேடுங்கள். ஏடிஎம் கார்டின் இரு பக்கப் படம், ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், பின் எண் எழுதிய குறிப்பு. இவற்றை எப்போதோ நமக்கு நாமே அனுப்பி வைத்திருப்போம். நான் கார்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கே மெயில் அனுப்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. திருடியவருக்கு அதுதான் கிடைத்தது. அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டிப் பகுதியிலிருந்தும் அழியுங்கள்.

மூன்றாவது, கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடுங்கள். நம் நாட்டுத் தளங்களில் கார்டுக்கு ஓடிபி கேட்பார்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்க மூன்று இலக்க எண் இருந்தாலே பணத்தை எடுத்துவிடும். கார்டில் ஒவ்வொரு வகைப் பயன்பாட்டையும் வாடிக்கையாளரே திறக்கவும் மூடவும் வசதி தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குள் போனால் அந்தப் பொத்தான் இருக்கும். தம்பியின் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்காக நான் ஒருநாள் திறந்தேன், மூட மறந்தேன். அங்கேயே பரிவர்த்தனை வரம்பையும் குறைத்து வையுங்கள்.

கடைசியாகப் போன் அமைப்புகள். தெரிந்த பெயருள்ள பொது இணைப்புகளில் தானாகச் சேர்வதை நிறுத்துங்கள். அருகில் உள்ளவர்களிடமிருந்து கோப்பு வாங்கும் வசதியை 'எல்லோரும்' என்பதிலிருந்து மாற்றுங்கள். மடிக்கணினியில் விண்டோஸ் என்றால், புதிய இணைப்பில் சேரும்போது 'பப்ளிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருள் அப்டேட்களை வீட்டு இணைப்பிலேயே முடித்துவிடுங்கள். பொது வைஃபையில் 'அப்டேட் செய்யவும்' என்று திடீரென ஒரு பெட்டி வந்தால் தொடாதீர்கள்.

3. பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்

வரவேற்பு மேசையில் ஒருவரைக் கேளுங்கள்: 'உங்கள் வைஃபை பெயர் என்ன, எத்தனை இருக்கிறது?' இதற்கு அரை நிமிடம் ஆகும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

ரயில் நிலையமாக இருந்தால் அங்கே ரெயில்டெல் நிறுவனம் நடத்தும் 'ரெயில்வயர்' இணைப்புதான் இருக்கும். செல்போன் எண் கொடுத்து ஓடிபி மூலம் நுழைய வேண்டும். நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம் இலவசம், அதற்கு மேல் கட்டணத் திட்டங்கள். இது தெரிந்திருந்தால், 'ரயில் வைஃபை, நாள் முழுக்க இலவசம், ஃபேஸ்புக் வழியாக நுழைக' என்று ஒரு பக்கம் வரும்போதே சந்தேகம் வந்துவிடும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் போலியாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன். அதனால் பெயர் சரி என்பதோடு நிற்காமல் அடுத்த படிக்கு வாருங்கள்.

4. நுழைவுப் பக்கம் என்ன கேட்கிறது என்று பாருங்கள்

நம் நாட்டில் பொது வைஃபை நடத்துபவர் பயனாளரின் அடையாளத்தைப் பதிய வேண்டும். அதனால் செல்போன் எண்ணும் ஓடிபியும் கேட்பது இயல்பு. விடுதியாக இருந்தால் அறை எண், பெயர் கேட்கலாம். அவ்வளவுதான். மின்னஞ்சலின் பாஸ்வேர்டு, கார்டு எண், யுபிஐ பின், ஆதார் எண், ஒரு செயலியை நிறுவச் சொல்வது, 'சான்றிதழ்' என்று ஒரு கோப்பை ஏற்கச் சொல்வது: இவற்றில் எது வந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

இங்கே எல்லோரும் விழக்கூடிய ஒரு பள்ளம் இருக்கிறது. போலிப் பக்கத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்ததும், மறுபக்கம் இருப்பவர் அதே எண்ணை வாட்ஸ்அப்பில் தன் போனில் பதிவு செய்யப் பார்ப்பார். உங்களுக்கு ஆறு இலக்கக் குறியீடு வரும். வைஃபைக்கு வந்தது என்று நினைத்து அதே பக்கத்தில் தட்டினால் உங்கள் வாட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் முழுச் செய்தியையும் படியுங்கள். எதற்கு வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். இன்றே வாட்ஸ்அப்பிலும் இருபடிச் சரிபார்ப்பு பின் ஒன்றைப் போட்டு வையுங்கள்; குறியீடு போனாலும் அந்தப் பின் தடுத்து நிற்கும்.

5. இணைந்த பிறகு

செய்தி படிக்கலாம், வழி பார்க்கலாம், வீடியோ பார்க்கலாம். பணம் தொடர்பான எதையும் சொந்த டேட்டாவில் செய்யுங்கள். டவர் இல்லையென்றால் வெளியே வந்து செய்யுங்கள். இருவர் சேர்ந்து போயிருந்தால் ஒருவரின் போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்துக்கொள்வதே பொது வைஃபையை விட நல்லது. அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு நீளமான பாஸ்வேர்டு போடுங்கள்.

'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று உலாவி (பிரவுசர்) எச்சரித்தால், 'பரவாயில்லை, தொடர்க' என்பதைத் தொடவே தொடாதீர்கள். இடையில் யாரோ இருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்றும் ஏமாறக் கூடாது. போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். பெயரைப் பாருங்கள். நம் வங்கிகள் தங்கள் இணைய வங்கி முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. உங்கள் வங்கியின் சரியான முகவரியை வீட்டிலேயே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், தேடிப் போகாதீர்கள்.

விபிஎன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எனக்குச் சொன்னார்கள். விபிஎன், உங்கள் போனிலிருந்து போவதை வைஃபை நடத்துபவர் கண்ணிலிருந்து மறைக்கும். அது நல்லதுதான், வேலைக்காகப் பயணம் செய்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நுழைவுப் பக்கம் விபிஎன் இயங்குவதற்கு முன்பே வருகிறது. அங்கே நீங்களே பாஸ்வேர்டைத் தட்டினால் எந்த விபிஎன்னும் காப்பாற்றாது. இலவச விபிஎன் என்று ஏதோ ஒன்றை நிறுவுவது, வைஃபைக்காரரிடமிருந்து தப்பி முகம் தெரியாத இன்னொருவரிடம் எல்லாவற்றையும் கொடுப்பது.

வேலை முடிந்ததும் அந்த இணைப்பை 'மறந்துவிடு' என்று நீக்கிவிடுங்கள்.

6. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், முதல் ஒரு மணி நேரம்

வைஃபையை அணையுங்கள். சொந்த டேட்டாவில் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கார்டைப் பூட்டுங்கள். வங்கிச் செயலியில் செய்யலாம். இல்லையென்றால் கார்டின் பின்பக்கம் அச்சிட்டுள்ள எண்ணில் அழையுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடாதீர்கள். போலி எண்கள் அங்கே நிறைய. அழைப்பின் முடிவில் புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

அடுத்து 1930. இது இணையவழி நிதி மோசடிக்கான தேசிய உதவி எண், கட்டணம் இல்லை. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் வழியில் எங்காவது நிறுத்த வாய்ப்பு உண்டு. எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் லைன் கிடைத்தது. விடாமல் அழையுங்கள்.

மூன்றாவது மின்னஞ்சல். பாஸ்வேர்டை மாற்றி, உள்ளே நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்து தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பிறகு கணினியில் திறந்து 'ஃபில்டர்', 'ஃபார்வர்டிங்' பகுதிகளைக் கட்டாயம் பாருங்கள். ஜிமெயிலின் போன் செயலியில் ஃபில்டர்கள் தெரியாது. என் கணக்கில், வங்கியின் பெயர் உள்ள எல்லா மெயிலும் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு ஃபில்டர் போட்டிருந்தார்கள். நான் அதைக் கண்டுபிடித்தது ஒன்பதாம் நாள். அதற்குள் வங்கி அனுப்பிய படிவமும் குப்பைக்குப் போயிருந்தது.

7. புகார் பதியத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

அதே நாளில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் (சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்) புகாரைப் பதியுங்கள். இடையில் நிறுத்தித் தேட வேண்டியிருக்காதபடி இவற்றை எடுத்து வையுங்கள்:

- அடையாள அட்டையின் படம், 5 எம்பிக்குள்
- வங்கியின் பெயர், பரிவர்த்தனை எண் (யுபிஐ என்றால் யுடிஆர் எனப்படும் 12 இலக்கக் குறிப்பு எண்), தேதி, தொகை
- வங்கியின் குறுஞ்செய்தி ஸ்கிரீன்ஷாட், அந்தப் பரிவர்த்தனை தெரியும் கணக்கு அறிக்கை
- வைஃபை பட்டியல், நுழைவுப் பக்கம் இவற்றின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதுவும்

நடந்ததை விவரிக்கும் பெட்டியில் குறைந்தது 200 எழுத்து வேண்டும். சிறப்புக் குறியீடுகளை அது ஏற்காது. மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறியைப் போட்டதால் என் படிவம் இரண்டு முறை நின்றது. முழு விவரத்தையும் முதலில் தனியாக எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். முடிந்ததும் வரும் ஒப்புகை எண்ணோடு பிடிஎஃப் இறக்கிக்கொள்ளுங்கள். இனி எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

8. வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், நாளை எண்ணுங்கள்

போனில் சொன்னது போதாது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கையில், தவறு வங்கியிடமும் இல்லை வாடிக்கையாளரிடமும் இல்லை, வெளியே ஒருவர் செய்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பு கிடையாது என்று இருக்கிறது. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் இழப்புக்கு ஓர் உச்ச வரம்பு; சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது ரூ.10,000. ஏழு நாள் தாண்டினால் அந்த வங்கியின் கொள்கைப்படி. தகவல் வந்த நாளை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். எனக்குச் செய்தி வந்தது இரண்டாம் சனிக்கிழமை, ஞாயிறும் விடுமுறை, எனவே திங்கள்தான் முதல் நாள். இந்த விதிகள் திருத்தப்படுவதுண்டு, உங்கள் வங்கி இணையதளத்தில் உள்ள வாடிக்கையாளர் பொறுப்புக் கொள்கையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கிளைக்கு இரண்டு பிரதி கடிதம் எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கார்டு பரிவர்த்தனை என்றால் 'டிஸ்ப்யூட் ஃபார்ம்' என்று கேளுங்கள். இதை யாரும் தாமாகச் சொல்லவில்லை. ஓடிபி இல்லாமல் நடந்த வெளிநாட்டுப் பரிவர்த்தனையை, கார்டு நெட்வொர்க் (விசா, மாஸ்டர்கார்டு போன்றவை) வழியாக அந்த வியாபாரியிடமே திருப்பிக் கேட்க வங்கிக்கு வழி இருக்கிறது. என் பணம் வந்தது அந்த வழியில்தான்.

கவுன்ட்டரில் இருந்தவர், 'பாஸ்வேர்டை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், அப்போது உங்கள் அலட்சியம்தானே?' என்றார். நான் மறைக்கவில்லை. 'கொடுத்தது மின்னஞ்சல் பாஸ்வேர்டு. கார்டு விவரமோ ஓடிபியோ யாரிடமும் சொல்லவில்லை' என்று கடிதத்திலும் அப்படியே எழுதினேன். வாடிக்கையாளர் மேல் பொறுப்பு இருப்பதாக நிரூபிப்பது வங்கியின் வேலை என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் பின் எண்ணையோ ஓடிபியையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு உங்களுடையது; தெரிவித்த பிறகு போனால் வங்கியுடையது. எப்படிப் பார்த்தாலும் முதல் அழைப்பின் நேரம்தான் கணக்கு.

9. காவல் நிலையமும் ஓம்புட்ஸ்மேனும்

வங்கி சில சமயம் சிஎஸ்ஆர் ரசீதோ (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தருவது) எஃப்ஐஆரோ கேட்கும். உங்கள் மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் ஒப்புகைத் தாளைக் காட்டி வாங்கலாம். அடையாளத் திருட்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி 66டி பிரிவிலும் வரும். எனக்கு அரை நாள் ஆனது.

முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர் அதிகாரி) இணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. முத்திரை வாங்கிய கடிதப் பிரதி இங்கேதான் உதவும். சந்தேகம் கேட்க 14448.

மொத்தச் செலவைச் சொல்லிவிடுகிறேன்: புதிய கார்டுக்கு ரூ.236, ஜெராக்ஸ் ரூ.60, ஆட்டோ ரூ.400. 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது அழைத்தால் அதுவும் மோசடி. எனக்கு அப்படி இரண்டு அழைப்புகள் வந்தன.

10. பணம் கணக்கில் தெரிந்ததும்

புகார் சொன்ன பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கையில் உண்டு. முடிவெடுக்க 90 நாள் வரை அவகாசம். எனக்கு 12-ஆம் நாள் வரவு வந்தது. பணம் வந்துவிட்டது என்று நினைத்து அதில் மருந்துக்கடை பாக்கியைக் கட்டப் போனேன். கிளை மேலாளர்தான், 'இது இன்னும் உறுதி இல்லை, முடிவு எதிராக வந்தால் திரும்ப எடுத்துவிடுவோம்' என்றார். புகார் முடிந்தது என்று கடிதம் வரும் வரை அந்தத் தொகையைத் தொடாமல் வையுங்கள். எனக்கு அந்தக் கடிதம் 74-ஆம் நாள் வந்தது.